நாங்கள் அனைவரும் நலம்



என் தகப்பனார் பம்பாயிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களை என் ஆச்சி ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆச்சி காலமான பின்பு அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லாம் நீல நிற உள்நாட்டுக் கடிதங்கள். ஓரம் மடிந்து, மை மங்கிப்போனவை. ஒவ்வொன்றும் ஒரே விதமாய்த் தொடங்கும்: "இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல்."

1982-ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாய் ஜவுளி ஆலைத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. என் தகப்பனாரும் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. இரவில் காவல் வேலை, பகலில் கிடைத்த கூலி வேலை. வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்கள் அடகுக் கடைக்குப் போனதும் அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டுத் தேதியிட்ட ஐந்து கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. ஐந்திலும் அதே வரி.

அவற்றை வாசித்தபோது நான் சிரித்தேன். "அப்பா இப்படியா பொய் எழுதினார்கள்?" என்று தாயாரிடம் கேட்டேன். "பொய் இல்லை ஐயா. ஆச்சி வருத்தப்படக் கூடாதே என்றுதான்," என்றார்கள். அன்று சிரித்த நான், பின்னாளில் ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு அதே வரியைத் தினந்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இம்மாதம் அதைப்பற்றியே எழுத விரும்புகிறேன்.

பள்ளியில் ஒரு நாள்

மும்பையில் ஆங்கில ஆசிரியராயிருந்த நான், 2019 முதல் ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். என் பதவிக்கு 'மொழி உதவி ஆசிரியர்' என்று பெயர். வகுப்பாசிரியரோடு சேர்ந்து நின்று ஆங்கிலம் கற்பிப்பது என் வேலை. ஜப்பான் அரசு 1987-ல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்து, 'ஜெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அத்திட்டத்தின் வழியாயும், என்னைப்போல் உள்ளூர்க் கல்விக் குழுவின் நேரடி நியமனத்தாலும் பல நாட்டவர் இப்பணியில் இருக்கின்றனர். 2020 முதல் 3, 4-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளையும், 5, 6-ஆம் வகுப்புகளுக்கு 70 பாடவேளையும் அயல்மொழிக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால், என் போன்றோருக்கு வேலை குறைவில்லை.

காலை 8 மணிக்கு முன்பே பள்ளி வாசலில் இருப்பேன். வெளியில் அணிந்த காலணிகளைக் கழற்றி அடுக்குப் பலகையில் வைத்துவிட்டு, பள்ளிக்குள் மட்டும் அணியும் காலணிகளை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அனைவருக்கும் ஒரே பெரிய அறை. காலைக் கூட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் ஆண்டில் அதில் ஒன்றும் எனக்கு விளங்காது. எனினும் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வருகிறது என்று கண்டுகொண்ட பின்பு, மொழி கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடிபட்டது. வீட்டைவிட்டுப் புறப்படும்போது ஜப்பானியர் 'இத்தே கிமாஸ்' என்பார்கள். 'போய் வருகிறேன்' என்பதே அதன் பொருள். அதை முதன்முதலாய்க் கேட்ட அன்று, என் தாயார் வாசலில் நின்றது என் கண்முன் வந்தது.

பகல் உணவைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த சிறுவர் பெரிய பாத்திரங்களை இருவர் இருவராய்த் தூக்கி வருவார்கள். பிள்ளைகள் உண்பதையே ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து உண்ண வேண்டும். 200 மில்லி பாலும் உண்டு. பிள்ளைகள் உண்ணுமுன் தலைமை ஆசிரியர் அதே உணவை உண்டு பார்ப்பார். ஏதேனும் கேடு இருந்தால் அது முதலில் அவருக்கே தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. மாதத்தில் ஒரு நாளாவது 'கரே' என்னும் குழம்புச் சோறு வரும். "ஆசிரியரே, இன்று உங்கள் ஊர்ச் சாப்பாடு!" என்று பிள்ளைகள் குதூகலிப்பார்கள். கூழ்போல் கெட்டியாய், சற்றே இனிப்பாயிருக்கும் அந்தக் குழம்பை எங்கள் ஊரில் ஒருவரும் அறியார் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை.

உணவுக்குப் பின் துப்புரவு வேளை. பிள்ளைகள் ஈரத்துணியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடைபாதை நெடுக ஓடித் துடைப்பார்கள். ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். முதல் வாரத்தில் நான் துடைப்பத்தோடு நிற்கும் படத்தைத் தாயாருக்கு அனுப்பினேன். "இதற்கா ஐயா பி.எட். படித்தாய்?" என்று கேட்டார்கள். அதன் பின் அப்படிப்பட்ட படங்களை நான் அனுப்பவில்லை. பனி மூடிய மலையும் பூத்துக் குலுங்கும் செர்ரி மரமுமே அனுப்பினேன். நான் மறைக்கத் தொடங்கியது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாலை 5 மணிக்கு ஊர் முழுவதும் ஒலிபெருக்கிகளில் ஒரு மெல்லிய இசை கேட்கும். பேரிடர்க் காலத்தில் எச்சரிப்பதற்காக அமைக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் அவை. நாள்தோறும் இசைப்பதால் அவை பழுதின்றி இருப்பதும் தெரியும், விளையாடும் பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் நேரமும் தெரியும். ஜப்பானியர் வீட்டுக்குள் நுழையும்போது 'ததாய்மா' என்பார்கள். 'வந்துவிட்டேன்' என்று பொருள். உள்ளே இருப்பவர் 'ஒகாயெரி' என்று வரவேற்பார். தனியாய் வாழ்கிறவனுக்கு அந்த மறுமொழி இல்லை. ஆகையால் நான் செல்பேசியை எடுப்பேன். ஜப்பான் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி முந்தியது. இங்கே இரவு 9 மணி என்றால் மும்பையில் மாலை 5.30. அதுவே எங்கள் நேரம்.

"சாப்பிட்டாயா ஐயா?"

"சாப்பிட்டேன் அம்மா. நீங்கள்?"

"நலமாயிருக்கிறேன். நீ?"

"நலம் அம்மா."

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாளும் தவறியதில்லை. நான் அதை எண்ணிப் பெருமைப்பட்டதும் உண்டு. தகப்பனாரின் கடிதம் ஊர் போய்ச் சேர ஒரு வாரமாகும். நானோ தினமும் தாயாரின் முகத்தைப் பார்த்தே பேசுகிறேன் என்று நண்பரிடம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு கீரையின் பெயர்

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் 'ரென்ராகுச்சோ' என்று ஒன்று உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பிள்ளையின் பையில் போய்வரும் தொடர்புக் குறிப்பேடு அது. அண்மைக் காலமாய்ச் சில ஊர்களில் செல்பேசிச் செயலி அதன் இடத்தைப் பிடித்திருந்தாலும், எங்கள் பள்ளியில் இன்னும் நோட்டுதான். பெற்றோர் அதில் எழுதுவது பெரும்பாலும் ஓரிரு வரிகளே. நேற்றிரவு இருமல் இருந்தது; காலையில் பாதிதான் சாப்பிட்டான்; பாட்டி மருத்துவமனையில் இருப்பதால் சற்று வாட்டமாயிருக்கிறாள். ஆசிரியர் வாசித்து, முத்திரையிட்டு, தேவையானால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார்.

என் முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நான் நடத்திய விளையாட்டில் ஒரு சிறுவனின் விரல் மேசையில் இடிபட்டது. சிறிது நீரில் பிடித்தேன், அவன் சிரித்தான், விட்டுவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் குறிப்பேட்டில் தாய் எழுதியிருந்தார்: இரவில் விரல் வீங்கிவிட்டது, என்ன நடந்தது என்று தெரிவிக்க முடியுமா? வகுப்பாசிரியருக்கு ஒன்றும் தெரியாது. துணைத் தலைமை ஆசிரியருக்கும் தெரியாது. அன்று மாலை அவரே என்னோடு அச்சிறுவனின் வீட்டுக்கு வந்து, எனக்கு முன்பாகத் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும் வழியில் அவர் கோபப்படவில்லை. "ஹோரென்சோ தெரியுமா?" என்று கேட்டார். அது கீரையின் பெயர் என்றேன். கடையில் அப்போதுதான் பசலைபோன்ற அந்தக் கீரையை வாங்கிப் பழகியிருந்தேன். அவர் சிரித்தார். ஜப்பானில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதலில் சொல்லித்தரும் சொல் அது என்றார். 'ஹோகோகு' என்றால் நடந்ததை அறிவித்தல். 'ரென்ராகு' என்றால் தொடர்பு கொள்ளுதல். 'சோதான்' என்றால் கலந்து ஆலோசித்தல். மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கீரையின் பெயர் வரும், ஆகையால் மறக்காது. "கெட்ட செய்தியாயிருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள்," என்றார். பள்ளியில் அந்தப் பாடத்தை நான் நன்றாய்க் கற்றுக்கொண்டேன். வீட்டு விஷயத்தில் அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

புத்தாண்டு நாளில்

2024 ஜனவரி 1. ஜப்பானியருக்குப் புத்தாண்டுதான் குடும்பம் கூடும் பெருநாள். ஊர் அமைதியாயிருந்தது. நான் அறையில் தனியே இருந்தேன். மாலை 4.10 மணிக்குச் செல்பேசி அபாய ஒலி எழுப்பியது; அது அடங்குமுன் தரை ஆடத் தொடங்கிவிட்டது. இஷிகவா மாகாணத்து நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் அது. அம்மாகாணத்துக்கும் எங்களுக்கும் நடுவே தொயாமா மாகாணம் இருந்தும், என் அலமாரி சுவரை விட்டு நகர்ந்து வந்தது. தட்டுகள் விழுந்து உடைந்தன. மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நோத்தோவில் வீடுகள் சரிந்தன, துறைமுக ஊரான வாஜிமாவில் தீ பரவியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோயினர். அன்றிரவு பின்னதிர்வுகளுக்குப் பயந்து, காலணியோடும் மேற்சட்டையோடும் வாசலருகே உட்கார்ந்தே விடிய வைத்தேன்.

மும்பையில் அப்போது பகல் 12.40. புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டார் உணவுக்கு அமரும் நேரம். நான் அனுப்பிய செய்தி இதுதான்: "இங்கே லேசாய் நிலம் ஆடியது. வழக்கமானதுதான். நான் நலம்."

மின்விசிறி

என் தாயாருக்குச் செல்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்கத் தெரியாது. காணொளியில் பேசினால் நெற்றியும், அதற்கு மேல் எங்கள் வீட்டு மின்விசிறியுமே தெரியும். பழுப்பு நிறம், ஓர் இறக்கையின் முனை வளைந்திருக்கும். ஐந்து ஆண்டுகள் நான் தாயாரைப் பார்த்ததைவிட அந்த மின்விசிறியைப் பார்த்ததே அதிகம்.

அதே ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை மின்விசிறி வெள்ளையாயிருந்தது.

"எங்கே இருக்கிறீர்கள் அம்மா?"

"அக்காள் வீட்டுக்கு வந்தேன் ஐயா. நலமாயிருக்கிறேன்."

மறுநாள் பாடத்துக்கான பட அட்டைகளை நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்காளின் வீட்டு மின்விசிறி எந்த நிறம் என்று எனக்குத் தெரியும். அது வெள்ளையல்ல. கேட்க வேண்டும் என்று ஒரு கணம் எண்ணினேன். கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இருபத்துநான்கு நாட்கள் கழித்து, பேசும்போது தாயார் தேநீர்க் குவளையை இடது கையால் எடுத்தார்கள். என் தாயார் வலதுகைக்காரர். அப்போதுதான் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். வலது மணிக்கட்டு முறிந்து, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார்கள். வெள்ளை மின்விசிறி அங்கே உள்ளது. கட்டுப் போட்ட கையைத் திரைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு இத்தனை நாளும் என்னோடு பேசியிருக்கிறார்கள். அக்காளிடம், "அவனிடம் சொல்லாதே" என்று வாக்கு வாங்கிக்கொண்டார்களாம்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. "என்னிடம் எப்படி அம்மா மறைக்கலாம்?" என்று சத்தமிட்டேன்.

தாயார் சத்தமிடவில்லை. "நீ மறைக்கவில்லையா ஐயா? லேசாய் ஆடியது என்றாய். மூன்று நாள் தொலைக்காட்சியில் வீடுகள் விழுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்டால் நீ வருத்தப்படுவாய் என்று கேட்கவில்லை. தினமும் பேசுகிறோம். உனக்கு என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன நடக்கிறதென்று உனக்குத் தெரியாது."

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு கீரையின் பெயர் நினைவுக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளாய் நாங்கள் அதன் நடுப்பகுதியை மட்டுமே செய்து வந்திருக்கிறோம். தொடர்பு இருந்தது. நடந்ததை அறிவித்ததில்லை; கலந்து ஆலோசித்ததும் இல்லை. பள்ளியில், ஒரு பிள்ளை காலையில் பாதிதான் சாப்பிட்டது என்பதுகூட எனக்குத் தெரியும். என் தாயாருக்கு எலும்பு முறிந்தது எனக்குத் தெரியாது.

மூன்று வரிகள்

மறுநாள் கடைக்குப் போய், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு குறிப்பேட்டை வாங்கினேன். மும்பையில் அக்காளின் மகள் தாயாருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தாள். தாயாரின் கை குணமாகும் வரை அவளே எழுத, தாயார் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே விதி. சனிக்கிழமை இரவு மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரி, இந்த வாரம் நடந்த ஒன்று. நல்லதோ கெட்டதோ, நடந்தபடியே. இரண்டாம் வரி, உடம்பைப்பற்றி. மூன்றாம் வரி, மற்றவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைப்பற்றிப் பேச வேண்டும். 'நலம்' என்ற சொல்லை மட்டும் எழுதக் கூடாது.

முதல் இரண்டு வாரம் தாயாருக்கு மூன்றாம் வரி வரவில்லை. "உன்னிடம் நான் என்ன கேட்பது? நீ அங்கே இருக்கிறாய்," என்றார்கள். மூன்றாம் வாரம் வந்தது: "குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடலாம் என்று அக்காள் சொல்லுகிறாள். வீட்டுக்காரரிடம் யார் கேட்பது?" நான் கேட்டேன். தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசியதும் அவர் சம்மதித்துவிட்டார். இரண்டு இடத்தில் கம்பியும், வழுக்காத விரிப்பும் போட்டாயிற்று. பெரிய செலவில்லை. முன்பே ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் கை முறிந்திராது.

என் வரிகளும் எளிதாய் வரவில்லை. "இந்த வாரம் பள்ளிக்கு வெளியே ஒருவரோடும் பேசவில்லை," என்று ஒரு வாரம் எழுதினேன். எழுதியபின் அனுப்பலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். தாயார் அழுவார்கள் என்று பயந்தேன். அவர்களோ, "உன் கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். வயதான ஒரு தம்பதி என்றேன். "அடுத்த முறை சோறு பொங்கும்போது கொஞ்சம் குழம்பு கொண்டுபோய்க் கொடு. உன் அப்பா தாராவியில் வந்து இறங்கியபோது எங்களுக்கு அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது." கொண்டுபோனேன். உண்மையான குழம்பு இப்படித்தான் இருக்கும் என்று அவர்களாவது இப்போது அறிவார்கள். பனிக்காலத்தில் அந்தப் பெரியவர் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று இருந்தது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். என் ஒப்பந்தமும் ஒவ்வொரு மார்ச்சிலும் முடிந்து புதுப்பிக்கப்படுவது. இத்தனை ஆண்டும் நான் கையெழுத்திட்ட பின்பே தாயாருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் "சந்தோஷம் ஐயா" என்பார்கள். இந்த முறை முன்கூட்டியே மூன்றாம் வரியில் கேட்டேன்: "அடுத்த ஆண்டும் இங்கே இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா?"

பதில் ஒரு வாரம் வரவில்லை. பிறகு தாயார் தம் கையாலேயே, சற்றுக் கோணலான எழுத்தில் எழுதி அனுப்பினார்கள். "நீ ஜப்பானில் இருப்பதை எல்லாரிடமும் பெருமையாய்ச் சொல்லுகிறேன். உன்னிடம் உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், மாலை ஆறு மணிக்கு மேல் வீடு பெரிதாய்த் தெரிகிறது." எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி.

நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அக்காளின் மகள் இரவில் பாட்டியோடு வந்து படுத்துக்கொள்கிறாள். நானும் மும்பையில் இரண்டு பள்ளிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். எந்த முடிவானாலும் இருவரும் சேர்ந்தே எடுப்போம்.

பிரியமானவர்களே, நான் வாழ்வது ஜப்பானில். உங்களில் பலர் மும்பையிலும் பெங்களூரிலும் சூரத்திலும் தில்லியிலும் இருந்துகொண்டு, தென்கோடியிலுள்ள ஒரு வீட்டுக்குத் தினமும் தொலைபேசுகிறவர்கள். தூரம் வேறு, பேச்சு ஒன்றுதான். வேலை போனதை ஊருக்குச் சொல்லாத மகன் உங்கள் நடுவில் இருக்கிறான். சர்க்கரை ஏறியதை மகளுக்குச் சொல்லாத தாய் ஊரில் இருக்கிறாள். ஒருவரையொருவர் வருத்தப்படுத்தக் கூடாது என்ற அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆயினும், தெரியாத துன்பத்தில் உதவி செய்ய எவராலும் முடியாது. என் ஆச்சிக்குத் தெரிந்திருந்தால், 1982-ல் ஊரிலிருந்து ஒரு மூட்டை அரிசியாவது பம்பாய்க்கு வந்திருக்கும்.

இன்று மாலை நீங்கள் வீட்டுக்குப் பேசும்போது, "நலமா?" என்று கேட்டதோடு நிறுத்திவிடாதிருங்கள். "இந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்கு நடந்ததையும் ஒன்று சொல்லுங்கள். கேட்கும்போது கையில் கத்தரி இருந்தால், தயவுசெய்து அதைக் கீழே வைத்துவிடுங்கள்.